புகார் நோட்டில் ஏழு நாள்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கூட்ட அறையில் ஆறு பேர் இருந்தோம். மேசையின் தலைப்பக்கம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, தடுப்பூசி ஆய்வகத்தின் இயக்குநர் அம்மாள். அவருக்கு வலப்பக்கம் தலைமை ஆய்வாளர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற மனிதர். அவரை அடுத்து புள்ளிவிவரக்காரர், மடிக்கணினியைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு. இடப்பக்கம் இரண்டு நாற்காலிகள் காலி. மூன்றாவதில், கதவை ஒட்டி, மாதிரிக் காப்பாளர் அம்மாள். நிலவறையில் இருக்கும் ஃப்ரீசர்களின் சாவி இருபத்திரண்டு வருடமாக இவருடைய இடுப்பில்தான் தொங்குகிறது. இயக்குநருக்கு நேர் எதிரே நான். எனக்குப் பக்கத்தில் என் உதவியாளர், அதாவது என் உடன்பிறந்த அக்கா.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று படம் போட்டுக்கொள்வது என் தொழில் முறை. எந்த வழக்கை எடுத்தாலும் முதல் பக்கம் அதுதான். இதுவரை பதினொரு வழக்குகளில் அந்தப் படம் ஒரு தடவைகூட எதற்கும் உபயோகப்பட்டதில்லை என்பதையும் ஒழுங்கு கருதி இங்கே தெரிவித்துவிடுகிறேன்.

அக்கா ரயிலில் முப்பது வருடம் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெட்டிக்குள் கால் வைத்ததுமே யார் நிஜமாகத் தூங்குகிறார், யார் தூங்குவதுபோல நடிக்கிறார் என்று சொல்லிவிடுவாள். வீட்டில் பொழுது போகவில்லை என்று என்னோடு சேர்ந்துகொண்டாள். விசிட்டிங் கார்டில் மேலே நான், துப்பறிவாளர். கீழே அவள், உதவியாளர். அந்த வரிசையைத் தீர்மானித்ததும் அவள்தான். தப்பாகப் போனால் ஜனங்கள் மேலே இருக்கும் பெயரைத்தான் தேடி வருவார்கள் என்பது அவள் கணக்கு.

இயக்குநர் விஷயத்துக்கு வந்தார். இந்த வைரஸ் அடிக்கடி சட்டை மாற்றுகிறது. உடம்பின் காவலுக்கு அதன் பழைய சட்டைதான் அடையாளம் தெரியும். எனவே சட்டை ரொம்பவும் மாறிவிட்டால் பூஸ்டரையும் புதிதாகச் செய்தாக வேண்டும். வரும் பருவத்துக்கான பூஸ்டரைப் பழைய திரிபை வைத்தே செய்யலாமா, புதுத் திரிபுக்கு மாற்ற வேண்டுமா என்று தேர்வுக் குழு நாளைக் காலையில் முடிவெடுக்கிறது. அதற்காக மூன்று ஆய்வகங்கள் ஒரே சோதனையைச் செய்திருந்தன. போன வருட பூஸ்டரைப் போட்டுக்கொண்டவர்களின் ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து, அதைப் புதுத் திரிபோடு மோதவிட்டுப் பார்ப்பது. மற்ற இரண்டு ஆய்வகங்களிலும் சீரம் தோற்றுப்போயிற்று. இங்கே மட்டும் ஜெயித்திருக்கிறது.

“ஜெயிச்சா நல்லதுதானே?” என்று நான் கேட்டேன். துப்பறிவாளர் முதல் கேள்வியைச் சீக்கிரம் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு கொள்கை.

நிஜமாக ஜெயித்திருந்தால் நல்லது என்றார் இயக்குநர். நிஜமில்லை என்றால், வயதானவர்களும் நோயாளிகளும் வரிசையில் நின்று, ஓட்டைக் குடையைக் கையில் வாங்கிக்கொண்டு போவார்கள்.

பிறகு அவர் தம் சந்தேகத்தைச் சொன்னார். இங்கே சோதித்தது பதினெட்டுக் குப்பி சீரம். அதில் மூன்று குப்பிகளின் முடிவு மற்றவற்றோடு ஒட்டவில்லை. கெட்டுப்போனவை என்று ஒதுக்கிவிட்டார்கள். அதே ஃப்ரீசரின் கீழ்த் தட்டில் வேறொரு ட்ரே இருக்கிறது. புது பூஸ்டரைச் சோதனைக்காகப் போட்டுக்கொண்ட தொண்டர்களின் சீரம் அதில் இருக்கிறது. அது புதுத் திரிபை ஜெயிக்கத்தான் செய்யும். ஆக, மின்சாரம் நின்ற ஏதோ ஒரு நாளில் மேல் தட்டு மட்டும் குளிர் இறங்கி, அதிலிருந்த பதினெட்டும் கெட்டுப்போயிருக்கும். காப்பாளர் அதை மறைப்பதற்காகக் கீழ்த் தட்டிலிருந்து எடுத்து ஊற்றியிருப்பார். மூன்றை மாற்ற நேரம் கிடைத்திருக்காது. தேர்வுக் குழுவுக்கான கடிதம் தட்டச்சாகித் தயாராக மேசைமேல் கிடந்தது. அதன் மூன்றாவது பத்தியில் காப்பாளரின் பதவியும் பெயரும் இருந்தன. சரியாக நான்கு மணிக்குக் கூரியர் வரும். அதற்குள் என்னால் வேறு விளக்கம் எதுவும் தர முடியாவிட்டால் அந்தப் பத்தி அப்படியே போய்விடும். அதற்குப் பிறகு எந்த ஆய்வகத்திலும் அந்த அம்மாளைக் குப்பி கழுவக்கூடச் சேர்க்க மாட்டார்கள்.

எல்லோரும் கதவுப் பக்கம் பார்த்தோம்.

“சாவி என்கிட்டதான் இருக்கு. வேற யார்கிட்டயும் இல்லை. நான் எதையும் மாத்தலை,” என்றார் காப்பாளர். “நான் சொன்ன இந்த மூணையும் சேர்த்து யாரும் நம்ப மாட்டாங்கன்னு எனக்கே தெரியும்.”

அக்கா அவரை ஒரு முழு நிமிடம் பார்த்தாள். வெளியே வந்ததும், டிக்கெட் இருக்கிற பயணிதான் இப்படி எரிச்சலாகப் பேசுவார், இல்லாதவர் சிரிப்பார் என்றாள். இது நீதிமன்றத்தில் செல்லாது என்று நான் எச்சரித்தேன். உன் நாற்காலிப் படம் மட்டும் செல்லுமா என்று கேட்டாள்.

நிலவறைக்குப் போனோம். காப்பாளர் ஃப்ரீசரைத் திறந்ததும் வெண்புகை கிளம்பி என் கண்ணாடியை மூடியது. வழக்கின் முதல் நேரடித் தடயத்தை நான் குருடனாக நின்று பரிசோதித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு கீழ்த் தட்டின் ட்ரேயைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். ட்ரேயும் தட்டும் ஒரே பனிக்கட்டியாக இறுகிப் போயிருந்தன.

“ஜன்னல் சீட்டுல உக்காந்த ஆளு மாதிரி இருக்குடா. சத்தியமா எழுந்திருக்காது,” என்றாள்.

யாராவது அந்த ட்ரேயை வெளியே எடுத்திருந்தால் பனி உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை. ஆக யாரும் எடுக்கவில்லை. பதினோரு மணிக்கே வழக்கை முடித்துவிட்ட பெருமிதத்தோடு நான் படியேறிப் போய் இயக்குநரிடம் அறிவித்தேன். அந்த ஃப்ரீசரில் உடைத்த பனி ஒரே வாரத்தில் திரும்பக் கட்டிவிடும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். சோதனை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. நான் பொறுமையாகப் படியிறங்கி வந்தேன்.

அடுத்து ஃப்ரீசர் அறைப் பதிவேடு. காப்பாளர் எழுதிய வரிகள் ஒவ்வொன்றும் கோடு போட்டது மாதிரி இருந்தன. நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு கையெழுத்து: தலைமை ஆய்வாளர். விடுமுறை நாளில், ஃப்ரீசர் அறையில், காரணம் எழுதாமல் நாற்பது நிமிடம். காப்பாளர்தான் வந்து திறந்துவிட்டாராம்; கேட்டதற்கு, அது அவருடைய சொந்த விஷயம், நான் சொல்ல மாட்டேன் என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தலைமை ஆய்வாளரைத் தனியே அழைத்து, கதவைச் சாத்தி, பதிவேட்டை அவர் முன்னால் மெதுவாக நகர்த்தினேன். இதைக் கண்ணாடி முன்னால் பல தடவை ஒத்திகை பார்த்திருக்கிறேன்.

அவர் நெற்றிக் கண்ணாடியை இறக்கி, படித்து, காது வரை சிவந்தார். மாடிப்படியில் முட்டி பிசகி, வீட்டில் ஐஸ் இல்லாமல், ஆய்வகத்து ஐஸ் பையை முழங்காலில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாராம். மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நெஞ்சைத் தொட்டு வாக்குக் கொடுத்தேன். இந்த வழக்கில் நான் அதுவரை வெளிக்கொண்டு வந்த ஒரே ரகசியம் ஒரு முழங்கால்.

அதற்குள் அக்கா, நான் காலையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் காப்பாளரிடம் கேட்டு வைத்திருந்தாள். அந்தப் பதினெட்டுக் குப்பியும் யாருடைய ரத்தம்?

எங்க ஆட்களுடையதுதான் என்றார் காப்பாளர். இரண்டாம் மாடிக்காரர்கள். இயக்குநரிலிருந்து ஆரம்பித்துப் பதினெட்டுப் பேர். வெளியே ஆள் தேடினால் யார் எப்போது ஊசி போட்டார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் மாதம் ஓடிவிடும். இவர்களோ போன அக்டோபரில் ஒரே நாள், ஒரே வரிசையில் நின்று போட்டுக்கொண்டவர்கள். இந்த ஆய்வகத்தில் இதுதான் வழக்கம். வைரஸ் ஏற்கெனவே வந்து போனவர்களை மட்டும் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் அவர்கள் உடம்பு ஊசியிடம் மட்டுமின்றி வைரஸிடமும் பாடம் கற்றிருக்கும். அதைப் பிப்ரவரியில் சோதித்தார்கள். பதினெட்டுப் பேரும் சுத்தம். ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி ரத்தம் எடுத்தார்கள். இடையில் உடம்புக்கு ஒன்றும் வரவில்லை என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். காப்பாளர் மட்டும் கொடுப்பதில்லை. குப்பியைக் காப்பவர் குப்பிக்குள் இருக்கக் கூடாது என்பது அவர் வகுத்துக்கொண்ட விதி.

இதையெல்லாம் நான் அழகாகக் குறித்துக்கொண்டேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பசித்தது.

கேன்டீன் முதல் மாடியில் ஒரு சின்ன அறை; இரண்டாம் மாடிக்காரர்களுக்கும் காப்பாளருக்கும் மட்டும்தான். சமையற்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். அவர் ஒரு ஜன்னல் வழியாகத் தட்டையும் கோப்பையையும் நீட்டுவார். கை மட்டும்தான் தெரியும். ஜன்னலுக்குப் பக்கத்தில் சணல் கட்டித் தொங்கியது ஒரு நோட்டு. அட்டையில் ‘தங்கள் மேலான கருத்துகள்’ என்று இருந்தது. புகார் நோட்டு என்று சொன்னால்தான் ஆட்களுக்குப் புரிந்தது. காலையில் இயக்குநர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: காப்பாளர் யாரோடும் ஒத்துப்போகாதவர், சந்தேகமிருந்தால் கேன்டீன் நோட்டைப் பாருங்கள்.

ரொட்டியும் சூப்பும் வாங்கிக்கொண்டு நோட்டை ஜனவரியிலிருந்து படித்தேன். அக்கா தன் சூப்பை முடித்து என் சூப்புக்கு வந்தாள். காப்பாளர் மட்டுமில்லை, எல்லோருமே எழுதியிருந்தார்கள். ‘காபியில் பால் எங்கே?’ என்று தலைமை ஆய்வாளர். அதன் கீழே மாஸ்டரின் பதில்: ‘உள்ளேதான் இருக்கிறது. தேடவும்.’ ‘சூப்பில் உப்பு, வாரத்தில் மூன்றாம் தடவை’ என்று புள்ளிவிவரக்காரர். ‘எண்ணிக்கைக்கு நன்றி’ என்று மாஸ்டர். ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து புகார் குறைவதில்லை.

ஏப்ரல் மூன்று முதல் ஒன்பது வரை, ஏழு நாளில், ஒரே ஒரு புகார்.

நான் ரொட்டியைக் கீழே வைத்தேன். பக்கங்களைக் கிழித்திருக்கிறார்கள். யாரோ, எதையோ மறைத்திருக்கிறார்கள். நோட்டின் பக்க எண்களைச் சரிபார்த்தேன். எல்லாப் பக்கமும் இருந்தது. தையலைப் பார்த்தேன். ஒரு நூல்கூட அறுபடவில்லை. ரொட்டியை மறுபடி எடுத்துக்கொண்டேன்.

அக்கா ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்து மாஸ்டரை வெளியே வரவழைத்தாள். அந்த வாரத்தைக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்தது. பதினாறு வருட சர்வீஸில் அப்படி ஒரு வாரம் வந்ததில்லை என்றார். அந்தப் பக்கங்களைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தார், தம்பிக்கும் அனுப்பியிருந்தார். ஆனால் விசேஷமாக அவர் ஒன்றும் சமைத்துவிடவில்லை. சொல்லப்போனால், குரலைத் தாழ்த்தினார், அந்தச் செவ்வாய்க்கிழமை பால் அடிப்பிடித்துத் தீய்ந்துவிட்டது. கூடம் முழுவதும் அந்த வாடை. வேறு பால் இல்லை. அன்று தன் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டே காபியைப் போட்டு நீட்டினார். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

“அந்தச் சமயம் எனக்கு முதுகுவலி, மேடம். குனிய முடியலை. இவங்களுக்கெல்லாம் எம்மேல இவ்வளவு பிரியமான்னு நினைச்சேன். கண்ணே கலங்கிடுச்சு. அந்த நிலவறை அம்மா மட்டும்தான், ஃபிளாஸ்க்ல வாங்கிட்டுப் போய்த் தனியாக் குடிப்பாங்க, அவங்க மட்டும்தான் திரும்ப ஏறி வந்து எழுதிட்டுப் போனாங்க.”

அந்த ஒரே புகார் அதுதான். கோடு போட்டதுபோன்ற கையெழுத்தில்: ‘பால் தீய்ந்த வாடை. குடிக்க முடியவில்லை.’ அதற்கு நேர்கீழே, அதே நாளில், பச்சை மையில் இன்னொரு வரி: ‘இன்று காபி அருமை. இயக்குநர்.’

காப்பாளரின் கடுகடுப்புக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா என்று நான் பெருமூச்சு விட்டேன். ஊரே பெருந்தன்மையாக இருந்த நாளில் அவர் ஒருவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

“ஏன்டா, பதினெட்டுப் பேருக்கும் ஒரே செவ்வாய்க்கிழமை நல்ல மனசு வந்திருக்குமா?” என்றாள் அக்கா, என் சூப்பின் கடைசிக் கரண்டியை எடுத்தபடி. “நல்ல மனசெல்லாம் அப்படிக் கூட்டமா வராதுடா. மூக்குதான் போயிருக்கும்.”

நான் சிரித்தேன். என் குறிப்பேட்டில் ‘அக்கா நகைச்சுவை’ என்று எழுதினேன். அடுத்த வரியில் ‘கேன்டீன், ஒன்றுமில்லை’ என்று எழுதினேன். அதற்கும் அடுத்த வரியை எழுத ஆரம்பித்தபோது கை நின்றுவிட்டது.

“அக்கா, அந்த வைரஸ் வந்தா வாடை தெரியாதுல்ல?”

“வந்துட்டியா,” என்றாள் அவள். “சூப் முடியறதுக்குள்ள நீ வந்துடுவேன்னு நினைச்சேன்.”

ஒன்றே முக்காலுக்கு அதே கூட்ட அறை. எல்லோரும் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தார்கள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். ஏப்ரல் முதல் வாரத்தில் யாருக்காவது சளி பிடித்ததா?

இல்லை என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அக்கா பெட்டியில் டிக்கெட் கேட்கும் குரலில் அதையே மறுபடி கேட்டாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அந்த வாரம் ஏசி வடிகட்டியை மாற்றினார்கள், அதனால் தூசி, மூக்கடைப்பு என்றார் தலைமை ஆய்வாளர். தனக்கு வருடா வருடம் அந்தச் சமயத்தில் வருவதுதான், ஒரு மாத்திரையில் போய்விட்டது என்றார் புள்ளிவிவரக்காரர். மாடியில் எத்தனை பேருக்கு வடிகட்டித் தூசி பட்டது என்று அக்கா கேட்டதற்கு, அவர் தொழில் பழக்கத்தில் விரல்விட்டு எண்ணி, பன்னிரண்டில் நிறுத்தி, வெளிறிப் போனார். இயக்குநர் தமக்கு ஒன்றுமே இல்லை என்றார். நான் கையோடு கொண்டு வந்திருந்த கேன்டீன் நோட்டைத் திறந்து பச்சை மை வரியை அவர் முன்னால் வைத்தேன். அன்று பால் எந்த நிலையில் இருந்தது என்பதையும் சொன்னேன்.

அவர் நோட்டைத் தம் பக்கம் இழுத்து, அந்த வரியின்மேல் விரலை வைத்தார்.

“யாராவது டெஸ்ட் பண்ணிக்கிட்டீங்களா?” என்று கேட்டேன்.

அந்தக் கட்டடத்தில் பரிசோதனைப் பெட்டிகள் அலமாரி அலமாரியாக அடுக்கி இருந்தன. வருடம் முழுவதும் ஊர் ஊராக இருக்கும் மூக்குகளைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்கள், தங்கள் மூக்கு ஒழுகினால் வடிகட்டியைக் குற்றம் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ‘உடம்புக்கு ஒன்றும் வரவில்லை’ என்று மனமாரக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். புதுத் திரிபு வந்து, அவர்கள் உடம்புக்குத் தன் புதுச் சட்டையை நன்றாகக் காட்டிவிட்டு, ஏழு நாளில் புறப்பட்டுப் போயிருந்தது. மூன்று வாரம் கழித்து அந்த ரத்தத்தை எடுத்து, பழைய பூஸ்டரே போதும் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

தலைமை ஆய்வாளர் எழுந்தார். ஊசி கற்றுக்கொடுப்பது வைரஸின் மேல்சட்டையை மட்டும்தான். உள்பாகத்துக்கான ஆன்டிபாடி ஒருவர் ரத்தத்தில் இருந்தால் வைரஸே உள்ளே வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். பிப்ரவரியில் செய்த சோதனையும் அதுதான். அதையே இந்தப் பதினெட்டுக் குப்பியிலும் செய்தால் ஒன்றரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். காப்பாளர் சாவியை எடுத்துக்கொண்டு அவரோடு போனார். முட்டி வலியையும் மறந்து தலைமை ஆய்வாளர் படிகளில் ஓடினார்.

மூன்றே காலுக்குத் திரும்பி வந்தார்கள். தாளை மேசையில் வைத்தார் தலைமை ஆய்வாளர். பதினைந்து பேருக்கு வைரஸ் வந்து போயிருக்கிறது. மூன்று பேருக்கு இல்லை.

புள்ளிவிவரக்காரர் மடிக்கணினியைத் திறந்தார். ஆறு, பதினொன்று, பதினேழு என்று முணுமுணுத்தார். நிறுத்தினார். கெட்டுப்போன குப்பிகள் என்று அவர் தம் கையால் ஒதுக்கி வைத்த எண்களும் அவையேதான்.

அந்த மூன்று பேரும் அந்த வாரம் எங்கே இருந்தார்கள் என்று அக்கா கேட்டாள். பதில் காப்பாளரிடமிருந்து வந்தது. இரண்டு பேர் புது இயந்திரத்தைப் பழக வெளியூர் போயிருந்தார்கள். ஒருவர் கால் எலும்பு முறிந்து வீட்டில் இருந்தார்.

“அப்ப கெட்டுப்போனது அந்த மூணு இல்லை,” என்றார் காப்பாளர். “மத்த பதினஞ்சுதான். ஊசி மட்டும் போட்டுக்கிட்ட ரத்தம்னு பார்த்தா, அந்த மூணு குப்பிதான். அதுல பழைய பூஸ்டர் தோத்துப்போயிருக்கு. மத்த ரெண்டு லேப்லயும் சொன்ன மாதிரியே.”

மூன்று வாரமாக அவர்மேல் சுமத்தியிருந்த குற்றத்தில் பாதி, அவர் மூன்று குப்பியைக் கெடுத்துவிட்டார் என்பது. அந்த அறையில் ஒழுங்காக இருந்ததே அந்த மூன்றுதான்.

இந்த இடத்தில் நான் எழுந்து நின்று, குற்றவாளி யார் என்று விரல் நீட்டியிருக்க வேண்டும். அதற்கான வாக்கியமும் கைவசம் இருந்தது. ஆனால் பதினைந்து பேரை நோக்கி நீட்ட என்னிடம் பத்து விரல்தான் இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

மூன்றரைக்கு இயக்குநர் பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மடிக்கணினியை வாங்கிப் புதிதாக அடித்தார். மூன்று குப்பிகளின் முடிவை மட்டும் ஏற்கும்படியும், மற்ற இரண்டு ஆய்வகங்களின் முடிவோடு தாம் உடன்படுவதாகவும், பூஸ்டரைப் புதுத் திரிபுக்கு மாற்றுவதே சரி என்றும் எழுதினார். தாள் அச்சாகி வந்தது. மாதிரிகளின் நம்பகத்தன்மைக்குக் காப்பாளரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது குழுவின் விதி. இயக்குநர் கையெழுத்திட்டு அவர் பக்கம் நகர்த்தினார்.

காப்பாளர் முதல் வார்த்தையிலிருந்து படித்தார். இரண்டாவது பத்தியில் அவர் பார்வை நின்றது. பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

“‘எதிர்பாராத காரணங்களால் பதினைந்து மாதிரிகள் தகுதியிழந்தன’ன்னு இருக்கு,” என்றார். “எதிர்பாராத காரணம்னா யாரு, மேடம்? இதைப் படிக்கிறவங்க ஃப்ரீசர்ல ஏதோ கோளாறுன்னுதான் நினைப்பாங்க. ஃப்ரீசர்னா நான்தான்.”

இயக்குநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் யோசித்தது எதைப் பற்றி என்று ஊகிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. தடுப்பூசி ஆய்வகத்தின் ஒரு மாடி முழுக்க வைரஸ் உலவியது, இயக்குநர் உட்பட ஒருவருக்கும் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தால், அடுத்த வருடம் அந்த ஜன்னலோர நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கலாம். கடிகாரம் மூன்று நாற்பத்தொன்றைக் காட்டியது. தலைமை ஆய்வாளர் கண்ணாடியைத் தேடினார்.

அக்கா மெதுவாகச் சொன்னாள்: “முப்பது வருஷத்துல ஆயிரம் பேரைப் பிடிச்சிருக்கேன், மேடம். தானா எழுந்து வந்து, எங்கிட்ட டிக்கெட் இல்லைன்னு சொன்னவங்க மூணே பேரு. மத்தவங்க முகம் ஒண்ணுகூட எனக்கு ஞாபகம் இல்லை. அந்த மூணு முகமும் இருக்கு.”

இயக்குநர் மறுபடி மடிக்கணினி முன் உட்கார்ந்தார். இந்தத் தடவை அடிக்க நேரம் பிடித்தது. வந்த தாளை அவரே வாய்விட்டுப் படித்தார்: “இயக்குநராகிய நான் உட்படப் பதினைந்து பணியாளர்கள் ஏப்ரல் முதல் வாரத்தில் நோய்த்தொற்றுக்கு ஆளாகியும், பரிசோதித்துக்கொள்ளாமல் பணிக்கு வந்தோம், பின்னர் ரத்தமும் கொடுத்தோம். தவறு எங்களுடையது. மாதிரிகள் குறையின்றிக் காக்கப்பட்டிருந்தன.”

காப்பாளர் கடைசி வாக்கியத்தைத் தாமும் ஒரு தடவை படித்தார். பேனாவைத் திறந்து, கோடு போட்டதுபோலக் கையெழுத்திட்டார்.

தாளை மடித்து உறைக்குள் போடும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வழக்கில் எனக்கும் ஒரு பங்கு வேண்டுமல்லவா? முதல் தடவை முகவரி உள்பக்கம் போகும்படி மடித்துவிட்டேன். அக்கா பிரித்துத் திருப்பி மடித்துக் கொடுத்தாள். கடிதத்தில் துப்பறிவாளரைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாமே என்று தொண்டையைக் கனைத்தேன்.

“என்னன்னு போடச் சொல்ற? முழங்கால் கண்டுபிடிச்சவர்னா?” என்றாள் அக்கா. தலைமை ஆய்வாளர் அவசரமாகக் கையை அசைத்தார். அந்த வரி சேரவில்லை.

கூரியர்காரர் வாசலில் வண்டியை அணைக்காமலே உள்ளே வந்தார். இயக்குநர் உறையின் ஓரத்தில் பசை தடவி ஒட்டி, நகத்தால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அழுத்தித் தேய்த்தார். கூரியர்காரர் சீட்டை நீட்டினார். அனுப்புநர் இயக்குநர் என்று எழுதியாயிற்று. விவரம் கேட்கத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்று கீழே ஒரு கட்டம் காலியாக இருந்தது.

இயக்குநர் சீட்டைக் காப்பாளரிடம் கொடுத்தார். நாளைக்குக் குழுவில் எல்லோரும் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்லத் தகுதி உள்ளவர் நீங்கள் ஒருவர்தான் என்றார்.

காப்பாளர் நின்றபடியே, சுவரில் சீட்டை வைத்து, தம் பெயரையும் பதவியையும் முழுசாக எழுதினார். கீழே நிலவறைத் தொலைபேசி எண்ணைப் போட்டார். கூரியர்காரர் மூன்று ஐம்பத்தெட்டு என்று நேரத்தைக் குறித்து, ரசீதைக் கிழித்து அவர் கையில் கொடுத்து, உறையைப் பைக்குள் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.